ஆயிரம் மணி நேரம்: வேலையோடு படித்துத் தொழில்வழிச் சிகிச்சையாளராவோர்



தொழில்வழிச் சிகிச்சை (ஆக்குபேஷனல் தெரபி) பற்றிய கல்வி குறித்து இலண்டனில், அதுவும் தமிழில், ஓர் ஆய்வரங்கு நடத்தவேண்டும் என்று நண்பர்கள் வந்து கேட்டபோது மறுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. இந்த நாட்டின் கெயார் ஹோம்களிலும் வீட்டுப் பராமரிப்பு வேலைகளிலும் மருத்துவமனை வார்டுகளிலும் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். முதியவர்களைக் குளிப்பாட்டுகிறார்கள், உடுத்திவிடுகிறார்கள், நடக்கப் பழக்குகிறார்கள். அவர்களில் சிலர் தயங்கித் தயங்கி வந்து கேட்பதுண்டு: "நானும் இதைப் படிக்கலாமா?" வீட்டுக் கடனும் பிள்ளைகளும் ஊரில் காத்திருக்கும் பெற்றோரும் உள்ளவர் வேலையை விட்டுவிட்டு மூன்று ஆண்டு முழுநேரம் படிக்க முடியாது. அவருக்கு இருப்பது பகுதிநேர வழி.

அந்த வழியை இவ்வளவு காலமும் ஒரு சலுகையாகவே பேசி வந்திருக்கிறோம். முழுநேரம் படிக்க வசதியற்றவருக்கு இரக்கப்பட்டுத் திறந்துவிடும் பக்கக் கதவு என்ற எண்ணம் நிர்வாகங்களிடம் இருக்கிறது. படிப்பவர் மனத்திலும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தத் துறைக்குத் தேவையான அறிவில் ஒரு பெரும் பங்கு, ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவர்களிடம் இருக்கிறது. அவர்களை உள்ளே கொண்டுவராவிட்டால் நட்டம் துறைக்குத்தான்.

துறையின் வரலாறே இதற்குச் சான்று. 1917இல் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஆறு பேர் கூடி இத்துறைக்கான சங்கத்தை நிறுவினார்கள். அவர்களில் ஜார்ஜ் பார்ட்டனும் தாமஸ் கிட்னரும் கட்டடக் கலைஞர்கள்; சூசன் காக்ஸ் ஜான்சன் கைவினை கற்பித்தவர். பார்ட்டன் காசநோயால் வாடி, பின்னர் உடலின் ஒரு பக்கம் செயலிழந்து, தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்தே தம்மை மீட்டுக்கொண்டவர். பிரித்தானியாவில் 1930இல் பிரிஸ்டல் நகரில் முதல் தொழில்வழிச் சிகிச்சைப் பள்ளியைத் தொடங்கிய எலிசபெத் காசன், முப்பது வயதைக் கடந்த பிறகே மருத்துவம் படிக்கப் புகுந்தார். அதற்கு முன் இலண்டன் சதர்க்கில் ஆக்டேவியா ஹில்லிடம், ஏழைகளின் குடியிருப்புகள் சார்ந்த பணியில் இருந்தவர். மும்பையில் 1950இல் இந்தியாவின் முதல் பள்ளியை அமைத்த கமலா நிம்ப்கர் அமெரிக்காவில் பிறந்து, மணமாகி இந்தியா வந்தவர். அவர் நாற்பதைத் தாண்டிய பின் திரும்பவும் அமெரிக்கா போய் இதைப் படித்து வந்தார். வேறு வேலையில், வேறு வாழ்க்கையில் ஊறிய பின் இங்கு வந்தவர்கள் கட்டிய துறை இது. "இந்த வயதில் படிப்பா?" என்று உங்களிடம் கேட்பவர்களுக்கு இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

வேலை செய்தவரிடம் இருக்கும் அறிவு என்றேன். அது என்ன அறிவு என்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும்.

பக்கவாதத்தால் வலது கை தளர்ந்துபோன யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு அனுப்புமுன் மருத்துவமனையின் பயிற்சிச் சமையலறைக்கு அவரை அழைத்துப் போகிறார்கள். கேத்தலில் தண்ணீர் நிரப்பித் தேநீர் போடச் சொல்கிறார்கள், பாண் துண்டை வாட்டச் சொல்கிறார்கள். நல்ல சோதனைதான். வரிசை நினைவிருக்கிறதா, கொதிநீரைப் பாதுகாப்பாகக் கையாளுகிறாரா, இடது பக்கம் இருப்பதையும் வலது பக்கம் இருப்பதையும் ஒன்றுபோல் கவனிக்கிறாரா என்பதெல்லாம் அதில் தெரியும். ஆனால் அவருடைய மனம் முழுக்கப் பிட்டில் இருக்கும். மாவைக் கொதிநீர் விட்டுக் குழைக்க ஒரு கை போதுமா? திருவலையில் தேங்காய் துருவப் பாதியை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தித் திருப்பவேண்டுமே, ஒரு கை அதை எப்படிச் செய்யும்? உறையவைத்த தேங்காய்ப்பூ வாங்கிக்கொண்டால் அவருக்குச் சம்மதமா, அல்லது அது சமையலைக் கைவிட்டது போல இருக்குமா?

சாப்பாட்டுக்கு வாருங்கள். பிடி தடித்த கரண்டியைக் கொடுத்து இடது கையால் சாப்பிடச் சொல்வது நம் கையேடுகளில் உள்ள வழி. அந்தக் கைக்கு அவர் வாழ்நாள் முழுதும் வேறு வேலை கொடுத்திருக்கிறார். அந்தக் கையால் மகன் முன்னாலும் மருமகள் முன்னாலும் சோறு அள்ளுவது அவருக்கு எவ்வளவு பெரிய கூச்சம் என்பது, இப்படிப்பட்ட ஒருவருக்கு ஆறு மாதம் உணவூட்டிய பராமரிப்புப் பணியாளருக்குச் சொல்லாமலே விளங்கும். இடுப்பு மூட்டு மாற்றிய பின் உடலைத் திருப்பக்கூடாது என்று சொல்லப்பட்டவர், கழிவறையில் தண்ணீரால் கழுவுவதற்கு எப்படிக் கையை எட்டுவார்? குளியல் தொட்டிக்குக் குறுக்கே பலகை போட்டுக் கொடுத்தாலும், வாளியும் கோப்பையும் இல்லாமல் அவருக்குக் குளித்த மாதிரி இருக்குமா? கேள்வி எழுந்தால் தீர்வும் வரும். அந்தக் கேள்விகள் எழுவதற்கு அப்படிப்பட்ட வீடுகளுக்குள் வாழ்ந்த பழக்கம் வேண்டும்.

அதேவேளை, அனுபவம் ஒன்றே போதும் என்று நான் சொல்லவரவில்லை. பராமரிப்பு வேலையிலிருந்து வருபவர் மறக்கவேண்டியதும் ஒன்றுண்டு. படிப்பில் அதுதான் மிகக் கடினமான பகுதி என்பது என் கருத்து. நல்ல பராமரிப்பாளர் விரைந்து உதவுவார். பொத்தானைப் போட்டுவிடுவார், கோப்பையை எட்டி எடுத்துக் கொடுப்பார். காலை எட்டு மணிக்குள் இத்தனை பேரை எழுப்பி உடுத்தவேண்டும் என்ற நெருக்கடியில் கை தானாகப் பழகிவிடுகிறது. தொழில்வழிச் சிகிச்சையாளரோ கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகவேண்டும். நோயாளி சட்டைக் கையைத் தேடித் தடுமாறும் அந்த நிமிடத்தில் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும். தோளில் வலுக் குறைவா, ஒரு பக்கத்தை மூளை கவனிக்கவில்லையா, அடுத்துச் செய்யவேண்டியது நினைவில் இல்லையா, அல்லது அறையில் வெளிச்சம் போதவில்லையா? ஆளையும் சூழலையும் செயலையும் பிரித்து நோக்கும் இந்தப் பயிற்சிக்குத்தான் கோட்பாடு. கேரி கீல்ஹாஃப்னர் 1980இல் முன்வைத்த மனிதச் செயல்மாதிரியை மாணவர்கள் பரீட்சைக்கான பாரமாகப் பார்க்கிறார்கள். விருப்பம், வழக்கம், ஆற்றல் என்று அதில் வரும் பகுப்புகளை நான் சொன்ன பிட்டுச் சமையலின் மேல் வைத்துப் பாருங்கள். உடனே உயிர் பெற்றுவிடும்.

பகுதிநேரப் படிப்பின் பலம் இந்த இடத்தில் வெளிப்படுகிறது. செவ்வாய்க்கிழமை வகுப்பில் கேட்டது வியாழக்கிழமை வேலையில் எதிரே வந்து நிற்கும். மாணவர் தம் பழைய பழக்கத்தைத் தாமே கவனிப்பார். மூன்று ஆண்டில் விழுங்குவதை நான்கு, ஐந்து, சில இடங்களில் ஆறு ஆண்டுகளில் மென்று படிப்பவர் பின்தங்கியவர் என்று யாரும் எண்ணவேண்டாம்.

தரம் குறைந்துவிடுமே என்ற அச்சத்துக்கு இடமேயில்லை. 1952இல் அமைந்த உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் கூட்டமைப்பின் குறைந்தபட்சத் தர விதிப்படி, தகுதி பெறும் ஒவ்வொருவரும் மேற்பார்வையின் கீழ் 1000 மணி நேரமாவது களப்பயிற்சி முடித்திருக்கவேண்டும். பகுதிநேர மாணவருக்கு அதில் ஒரு மணியும் குறையாது. படிப்பு முடிந்ததும், இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் எச்.சி.பி.சி. அமைப்பின் பதிவேட்டில் பெயர் ஏறவேண்டும். தொழில்வழிச் சிகிச்சையாளர் என்ற பெயரைச் சட்டம் காக்கிறது; பதிவில்லாதவர் அதைச் சூட்டிக்கொண்டால் குற்றம்.

மாணவர்கள் தடுக்கி விழுவதும் இந்த ஆயிரம் மணியில்தான். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு 37.5 மணி என்றால் ஆயிரம் மணி முடிய ஏறத்தாழ 27 வாரம், அதாவது 135 வேலைநாள். என்.எச்.எஸ். பணியில் புதிதாகச் சேர்ந்தவருக்குப் பொது விடுமுறை நீங்கலாக ஆண்டுக்கு 27 நாள் விடுமுறை. நான்கு ஆண்டு விடுமுறையையும் ஒரு நாள் விடாமல் பயிற்சிக்கே கொடுத்தாலும் 108 நாள்தான் சேரும். பிள்ளைக்குக் காய்ச்சல் வரக்கூடாது, ஊரில் ஒரு சாவு விழக்கூடாது. வகுப்புகளைப் பகுதிநேரமாக்கிய பல்கலைக்கழகங்கள் பலவும் களப்பயிற்சியை மட்டும் திங்கள் முதல் வெள்ளி வரை முழுநேரத் தொகுதியாகவே வைத்திருக்கின்றன. படிப்பைப் பகுதிநேரம் என்று விளம்பரம் செய்துவிட்டு, வேலையை விட்டால் மட்டுமே முடிக்கக்கூடிய பகுதியை நடுவில் வைப்பது நேர்மையாகாது.

வாரத்துக்கு மூன்று நாள் என்று வைத்தால் அதே ஆயிரம் மணி சுமார் 45 வாரத்தில் முடியும். ஆண்டுகளுக்கிடையே பிரித்தால் தாங்கக்கூடிய சுமை. நோயாளிக்கும் அதில் குறை வராது. சமூகப் புனர்வாழ்வுக் குழுக்களில் ஒருவரைப் பல வாரங்கள் தொடர்ந்து பார்ப்பதால், நீண்ட பயிற்சியில் இருக்கும் மாணவர் முன்னேற்றத்தை முழுமையாகக் காண்பார். நோயாளிகள் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பும் அவசர வார்டுகளில் இது சிரமம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்று பிற்பகல் அமர்வு இதைப் பற்றியதே. அங்கு பேசவிருப்பவர்கள் இடர்களை மறைக்காமல் பேசவேண்டும்.

பணத்தைப் பற்றியும் சுருக்கமாக. இங்கிலாந்தில் புதிய மாணவர்களுக்கான என்.எச்.எஸ். உதவிப்பணம் 2017இல் நின்றது. 2020 செப்டம்பரிலிருந்து திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத 5000 பவுண்டு ஆண்டுதோறும் முழுநேர மாணவருக்குக் கிடைக்கிறது. பகுதிநேர மாணவருக்கு அதன் விகிதப்படி. பயிற்சிக்குச் சென்றுவரும் செலவிலும் ஒரு பகுதியைக் கேட்டுப் பெறலாம். இரண்டாம் பட்டத்துக்கு வழக்கமாகக் கல்விக் கடன் கிடைக்காது, ஆனால் இத்துறைக்கு விலக்கு உண்டு. ஊரில் பட்டம் பெற்று இங்கே கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் நிற்பவர்கள் இதை அறியாமலே இருக்கிறார்கள்.

சம்பளத்தோடு, கட்டணமில்லாமல் படிக்கும் அப்ரென்டிஸ்ஷிப் வழியும் வந்துவிட்டது. அதை முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் அதற்கு முதலாளி சம்மதித்துப் பெயர் கொடுக்கவேண்டும். பெரிய மருத்துவமனையில் நிரந்தரப் பணியில் உள்ளவருக்கு அது கைகூடும். மணிக்கணக்கு உறுதியில்லாத ஒப்பந்தத்தில், ஏஜென்சி மூலம் வீடு வீடாகப் போகும் பெண்ணுக்கு யார் பெயர் கொடுப்பார்கள்? அப்ரென்டிஸ்ஷிப் இருக்கும்போது பகுதிநேரம் எதற்கு என்று கேட்பவர்கள் அந்தப் பெண்ணை மறந்துவிடுகிறார்கள்.

கல்வியாளர்களுக்கு என் வேண்டுகோள் இது. களப்பயிற்சி தொடங்கும் தேதிகளைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே எழுத்தில் கொடுங்கள். வேலை நேரத்தை மாற்றிக் கேட்கவும் பிள்ளைகளைப் பார்க்க ஆள் பிடிக்கவும் அவர்களுக்கு அவகாசம் வேண்டும். மூன்று நாள் பயிற்சியை ஏற்கும் குழுக்களை இப்போதே தேடத் தொடங்குங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். இரவு சமையலறை ஒதுக்கிய பிறகு பத்து மணிக்கு மேசையில் உட்காரும் பெண்ணிடம் நான்கு ஆண்டு அப்படியே படி என்பது கொடுமை. வாரத்தில் இரண்டு மாலை முழுமையாக அவருடையதாக இருக்கட்டும்.

நம் சமூக அமைப்புகளிடமும் ஒன்று கேட்கவேண்டும். சனிக்கிழமைகளில் இந்த நகரத்துத் தமிழ்ப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர், வகுப்பு முடியும் வரை கூடத்திலும் காருக்குள்ளும் காத்திருக்கிறார்கள். அவர்களில் படிக்க விரும்புவோருக்கு ஒரு வகுப்பறையைத் திறந்து கொடுங்கள். விண்ணப்பம் எழுதவும், கட்டுரையைத் திருத்தவும், நேர்முகத்துக்குத் தயாராகவும் உதவ, பதிவு பெற்ற சிகிச்சையாளர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். முறை வைத்து மாதம் ஒரு சனிக்கிழமை போய் அமர முன்வருவோர், மதிய இடைவேளைக்குள் வாசலில் உள்ள மேசையில் பெயரைப் பதிந்து செல்லுமாறு கேட்டுக்கொண்டு, இந்த ஆய்வரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.