புள்ளியும் கோடும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தஞ்சைத் தரணியில் அம்மையப்பன் என்னும் ஊரிற் பிறந்து, கணிப்பொறி அறிஞராக உயர்ந்த கிருஷ்ணையன் துளசிராமன் அவர்களைப் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

அவர் முதலிற் கற்றது மின்பொறியியல். சென்னை ஐ.ஐ.டி.யில் 1968இல் டாக்டர் பட்டம் பெற்று, 1981 வரை அங்கேயே கற்பித்தார். பின்னர்க் கனடாவின் கன்கார்டியா பல்கலைக்கழகத்திலும், 1998 முதல் அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். எம். என். எஸ். சுவாமி அவர்களுடன் சேர்ந்து 1981இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையினர் நன்கறிந்தது.

அவர் உள்ளங்கவர்ந்த துறை கோட்டுருவியல். பெயர் கேட்டு அஞ்சவேண்டா. ஊர்களைப் புள்ளிகளாகவும் இருப்புப் பாதைகளைக் கோடுகளாகவும் வரைந்தால் அதுவே கோட்டுரு. மின்கருவிகளையும் கம்பிகளையும், கணிப்பொறிகளையும் அவற்றின் இணைப்புகளையும் அவ்வாறே வரையலாம். ஜெர்மானிய அறிஞர் கிர்க்காஃப் 1847இலேயே மின்னோட்டத்தைக் கணக்கிட இவ்வழியைக் கையாண்டார். மின்சாரம் பயின்றவர் கணிப்பொறிக்குச் சென்றது துறை மாறிய செயலன்று. ஒரே படத்தை வேறோரிடத்தில் விரித்த செயலேயாம்.

இப்படத்தில் இரு வகை உண்டு. கிளைத்துச் செல்வதன்றி எங்கும் வளைந்து கூடாதது மரம். அதில் எக்கோடு அறுந்தாலும் படம் இரண்டாகும். வளைந்து கூடுவது சுற்று. அதில் ஒரு கோடு அறுந்தாலும் தொடர்பு அறாது.

நம் வட்டாரத்தையே காண்க. கொல்லம், செங்கோட்டை வழிப் பாதை 1904இல் முழுமையுற்றது. திருவனந்தபுரம், நாகர்கோவில் பாதை 1979இலும், நாகர்கோவில், திருநெல்வேலிப் பாதை 1981இலும் திறக்கப்பட்டன. அன்று சுற்று கூடியது. அகலப் பாதைப் பணிக்காகப் புனலூர், செங்கோட்டைப் பகுதி 2010 முதல் 2018 வரை மூடப்பட்டபோதும், நாம் நாகர்கோவில் வழியே நெல்லை சென்றோம்.

நம் சங்கம் மரமா, சுற்றா? எல்லாக் குடும்பங்களும் செயலாளர் ஒருவரோடு மட்டும் தொடர்புற்றிருந்தால், அவருக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்றே சங்கம் சிதறும். வீட்டுக்கு வீடு உறவு கொண்டால், யார் மாற்றலாகிச் சென்றாலும் நம் பிள்ளைகளின் தமிழ் வகுப்பு நிற்காது. இன்று வீடு திரும்புமுன், இதுவரை பழகாத ஒரு குடும்பத்தோடேனும் அளவளாவிச் செல்வோமாக.