கல்லூரி வாயிலுக்கு முன்னே



1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். அன்று தொடக்கக் கல்வியே பெரும்பேறு. 1883-இல் பரங்கிமலையில் பிறந்த எம்.சி. இராஜா அதற்கும் மேலே ஏறி, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று ஆசிரியரானார். 1937-இல் அக்கல்லூரியே தாம்பரத்துக்கு வந்தது. கல்லூரி அருகே வந்தது. அதன் வாயில் நமக்கு அருகே வந்ததா?

1978-இல் புகுமுக வகுப்பு நீங்கி மேல்நிலைக் கல்வி வந்தபின், கல்லூரிக்கான ஆயத்தம் முழுவதும் பள்ளியின் பொறுப்பாயிற்று. அறுபது பேர் நெருங்கிய வகுப்பிலே, வீட்டில் கேட்டுத் தெளிய ஆளில்லாத பிள்ளை கடைசி வரிசையில் வாய்மூடி இருந்துவிடுகிறது. சோம்பல் என்பார் சிலர். நாம் அச்சம் என்போம். இருபது பேர் மட்டும் இருந்தால், இயற்கணிதத்தில் யார் எந்த வரியில் நின்றுவிட்டார், யாருக்கு ஆங்கில வினாவே விளங்கவில்லை என்பதை ஆசிரியர் அன்றே கண்டுகொள்வார். பிள்ளையும் கேட்கத் துணியும்.

நம் மாலை வகுப்பில் இன்னும் பலரைச் சேர்க்கும்படி பெற்றோர் வேண்டுகின்றனர். மறுக்க மனம் இசையவில்லை. ஒரே அறையில் அடைக்கவும் இசையோம். இரண்டாவது அறையும் ஆசிரியரும் வேண்டும். வேலை முடிந்து மின்தொடர் வண்டியில் தாம்பரத்தில் இறங்கும் நம் பட்டதாரி இளைஞர்கள், வாரம் இரு மாலைகள் தருக. பெயர்களைச் செயலாளரிடம் இன்றே பதியலாம்.