காலி நாற்காலியைப் பாருங்கள்!

நடுவர் அவர்களே! "தப்பு பண்ணினது மனுஷன், நிர்வாகத்தை ஏன்யா இழுக்கிறீங்க?" என்று எதிரணி நண்பர் கேட்டார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். இப்போது பதில்.

2002 ஜூலை 1 இரவு. ஜெர்மனியின் யூபர்லிங்கன் ஊருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதின. 71 பேர் மாண்டார்கள். பாதிக்கு மேல் ரஷ்யக் குழந்தைகள்!

அந்த வானத்தைக் கவனித்தது சூரிக் கட்டுப்பாட்டு அறை. பணியில் இருவர், ஒருவர் ஓய்வுக்குப் போய்விட்டார். அது அங்கே வழக்கம், நிர்வாகத்துக்கும் தெரியும். மிஞ்சியவர் ஒருத்தர், திரையோ ரெண்டு! பராமரிப்பு வேலையால் டெலிபோனும் வேலை செய்யவில்லை. ஆபத்தைக் கண்ட ஜெர்மன் அறையினர் கூப்பிடுகிறார்கள், லைன் கிடைக்கவில்லை. இன்னொரு விமானத்தை இறக்கிக்கொண்டிருந்தவர் கவனித்தபோது மிச்சம் 43 விநாடி. "இறங்கு" என்றார். விமானத்துக் கருவி "ஏறு" என்றது. விமானி மனிதக் குரலைக் கேட்டார். எதிரே வந்ததும் இறங்கியது.

அடுப்பில் பால், தொட்டிலில் பிள்ளை, வாசலில் தபால்காரர். பால் பொங்கினால் "அவ கவனிக்கல" என்போம். துணைக்கு ஆள் இருந்ததா என்று கேட்டோமா?

2004-இல், குடும்பத்தைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் அந்தக் கட்டுப்பாட்டாளரைக் குத்திக் கொன்றார். கோபம் ஒரு மனிதனைத் தேடியது. 2007-இல் சுவிஸ் நீதிமன்றம் மேலாளர்கள் நால்வரைத் தண்டித்தது. நீதி காலி நாற்காலியைப் பார்த்தது.

நடுவரே, நீங்களும் பாருங்கள்.