மட்டக்களப்பைக் காண வருவோர்க்கு



மட்டக்களப்பார் வந்தாரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவர் என்றொரு பேச்சு இந்நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. அதனை ஏளனமாகச் சொல்வாரும் உளர். புகழ்ச்சியாகச் சொல்வாரும் உளர். இப்பகுதியில் முப்பது ஆண்டுகளாக ஆசிரியத் தொழில் புரிந்து, இன்று ஓர் அரசினர் பாடசாலையின் அதிபராக இருக்கும் நான், அதனை வருவோர்க்கு உரிய அறிவுரையாகவே கொள்கின்றேன். எங்கள் ஊரைக் காண வருவோர் இரண்டு இரவேனும் இங்கே தங்குதல் வேண்டும். காலையில் வந்து மாலையில் மீள்வோர் கோட்டையைக் காண்பர், பாலத்தைக் காண்பர், ஊரைக் காணார்.

முதலில் நில அமைப்பை மனத்திற் கொள்க. மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கேயுள்ள வயல் நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் கரை, படும் கரை என்பதே இப்பெயர்களின் பொருள். வாவியின் நடுவிலுள்ள புளியந்தீவே பழைய நகரம்.

புளியந்தீவை நடந்தே பார்க்கலாம். ஒரு காலைப்பொழுது போதும். அங்குள்ள கோட்டையைப் போர்த்துக்கீசர் 1628ஆம் ஆண்டு கட்டினர். பத்தே ஆண்டுகளில் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். இலங்கையில் அவர் கைக்கொண்ட முதற் கோட்டை அதுவே. இரு புறம் வாவியும் இரு புறம் அகழியும் அதற்குக் காவல். 1814ஆம் ஆண்டு இங்கு வந்திறங்கிய வில்லியம் ஓல்ட் பாதிரியார் அடுத்த ஆண்டே இறந்துபோனார். அவர் தொடக்கிய பாடசாலையோ, மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இரு நூற்றாண்டு கடந்து நிற்கின்றது. ஆசிரியனாகிய எனக்குக் கோட்டையினும் அப்பாடசாலையே பெரிதாகத் தோன்றுகின்றது.

பிற்பகலிற் கல்லடிக்குச் செல்க. 1924இல் அமைந்த பழைய இரும்புப் பாலத்திற்கு அருகே, 2013ஆம் ஆண்டு புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலத்தின்மீது ஆறுதலாக நடக்கலாம். அப்பாற் சென்றால், உப்போடையில் சுவாமி விபுலானந்தரின் சமாதியைக் காணலாம். தமிழிசை ஆராய்ச்சியின் பெருநூலாகிய யாழ் நூல் வெளிவந்ததும், அதனை இயற்றிய அடிகளார் மறைந்ததும் 1947ஆம் ஆண்டிலேயே.

இனி, எல்லோரும் வினவும் பாடுமீனைப் பற்றிக் கூறுவேன். இதில் என் குறையொன்றையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். 'மீன் பாடும் தேன்நாடு' என்று ஆண்டுதோறும் மாணவர்க்குக் கட்டுரைத் தலைப்புக் கொடுத்து வந்தேன். ஒருநாள் மீனவர் மகனொருவன் எழுந்து, "சேர், நீங்க கேட்டிருக்கிறீங்களா?" என்றான். நான் கேட்டதில்லை. வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. 'இல்லை' என்று சொல்ல நேர்ந்தது.

அடுத்த பறுவத்தன்று அச்சிறுவனின் தந்தையார் என்னைத் தமது தோணியில் ஏற்றிப் பழைய பாலத்தருகே கொண்டு சென்றார். துடுப்பை நீரில் ஆழ்த்தி, அதன் மறுமுனையிற் காதை வைத்தேன். பாலத்தில் ஓடும் வண்டிகளின் அதிர்வே கேட்டது. ஒரு மணி நேரம் கழிந்ததும் திரும்பலாம் என்றேன். "பொறுங்க சேர், ரோட்டுச் சத்தம் அடங்கட்டும்" என்றார் அவர். நள்ளிரவு கடந்தபின் கேட்டது. தம்புராவின் ஒற்றை நரம்பைத் தொலைவிலிருந்து மீட்டினாற்போல ஓர் ஒலி. சற்றே நின்று மீண்டும் எழுந்தது. மீன் பாடுகின்றதோ, ஊரி என்னும் சிப்பியினம் ஒலிக்கின்றதோ, அறிஞர் இன்னும் முடிவு கூறவில்லை. சித்திரை முதல் ஆவணி வரையுள்ள நிலாக் காலம் ஏற்றது. உயிர்காப்பு அங்கி அணிந்து, பழகிய தோணிக்காரருடனேயே செல்க. வாவியில் முதலைகள் உண்டு, நீராட இறங்கற்க.

மறுநாள் படுவான்கரைக்குச் செல்க. மண்முனையில் 2014ஆம் ஆண்டு முதல் பாலம் உண்டு. பாலம் அமையாத துறைகளில், 'பாதை' என்று இங்குள்ளோர் வழங்கும் மிதவை மக்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும். நேரமிருப்பின் அதிலேயே செல்க. பாதையில் நின்றுகொண்டே ஊர்ச்செய்தி யாவும் அறியலாம். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தையும், சின்னக் கதிர்காமம் எனப்படும் மண்டூர் முருகன் கோயிலையும் தரிசிக்கலாம். வைகாசியில் வருவோர் கண்ணகியம்மன் கோயிற் சடங்குகளைக் காண்பர். வடமோடி, தென்மோடிக் கூத்துகள் ஆடும் களரியைக் கேட்டறிந்து செல்க. எருமைத் தயிரை உண்ணாது திரும்பற்க. கார்த்திகை, மார்கழி மாதங்களில் மழை மிகுதி. வெள்ளத்தில் வழி தடைப்படும்.

இறுதியாக ஒன்று. காத்தான்குடியில் முஸ்லிம் மக்களின் பழைய வாழ்வை விளக்கும் நூதனசாலை உண்டு. அங்குச் செல்வோரும் கோயில்களுக்குச் செல்வோரும் இடத்திற்கேற்ப உடுத்துச் செல்க. 1978இன் சூறாவளியும், நீண்ட போர்க்காலமும், 2004இன் கடற்கோளும், 2019இன் உயிர்த்த ஞாயிற்றுக் குண்டுவெடிப்பும் எல்லாச் சமூகத்தார் வீடுகளிலும் வெற்றிடங்களை விட்டுச் சென்றுள்ளன. சுவரில் மாலையிட்ட படத்தைக் கண்டு, "யார் இவர், எவ்வாறு இறந்தார்?" என்று நீங்களாக வினவாதீர்கள். பாய் விரித்துத் தேநீர் தருவார்கள், இருந்து பருகுங்கள். அவர்களாகச் சொல்லத் தொடங்கினால், அன்று செல்லவேண்டிய இடம் எதுவாயினும் அதனை விட்டுவிட்டு, முழுவதும் கேளுங்கள். அந்தத் தோணிக்காரர் எனக்குக் கற்பித்த பாடமும் அதுவே.