புதிய ஆசானும் பழைய வகுப்பும்



நான் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாட்களில் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பாடம் நடத்திப் பழகுவதற்காக எங்களைப் பள்ளிகளுக்கு அனுப்புவார்கள். ஆனால், முதல் நாளே கரும்பலகையின் முன் நிற்க விடமாட்டார்கள். சில நாட்கள் வகுப்பின் கடைசிப் பலகையில் வாய் பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். எந்த மாணவன் எதில் வல்லவன், எவன் எதைக் கண்டு அஞ்சுகிறான், இதுவரை கற்பித்த ஆசிரியர் எந்த முறையைக் கையாண்டார் என்பவற்றையெல்லாம் கவனித்து ஏட்டில் எழுத வேண்டும். இளமைத் துடிப்பில் இருந்த எங்களுக்கு அது வீண் வேலையாகவே தோன்றியது. அந்தக் கடைசிப் பலகையின் அருமையை எனக்குப் பின்னாளில் உணர்த்தியவை இரண்டு. ஒன்று, என் சொந்தப் பிழை. மற்றொன்று, இங்கிலாந்து நாட்டுக் கால்பந்துக் கழகம் ஒன்றின் வரலாறு. அவ்விரண்டையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

லெஸ்டர் என்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள தொழில் நகரம். பின்னலாடைக்கும் காலணிக்கும் ஒரு காலத்தில் பெயர்பெற்று விளங்கியது. அந்நகரத்துக் கால்பந்துக் கழகம் 1884ஆம் ஆண்டு தோன்றியது. தோன்றி நூற்றுமுப்பது ஆண்டுகள் ஆகியும் நாட்டின் முதற்பிரிவுப் பட்டத்தை அது ஒருமுறைகூட வென்றதில்லை. முதற்பிரிவில் இருபது கழகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் இருமுறை ஆடும்; ஆக 38 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி. சமநிலைக்கு 1 புள்ளி. ஆண்டிறுதியில் கடைசி மூன்று இடங்களில் நிற்கும் கழகங்கள் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும். 2014-15ஆம் பருவத்தில் லெஸ்டர் கழகம் பல மாதங்கள் பட்டியலின் அடிமட்டத்திலேயே கிடந்தது. கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்றுதான் தப்பிப் பிழைத்தது. அப்படிக் கரையேற்றிய பயிற்சியாளர் நைஜல் பியர்சன், பருவம் முடிந்த கையோடு 2015 ஜூன் இறுதியில் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

அவருடைய இடத்துக்கு ஜூலை மாதத்தில் வந்தவர் கிளாடியோ ரனியேரி. ரோம் நகரில் பிறந்தவர். கசாப்புக் கடைக்காரரின் மகன். அப்பொழுது வயது 63. பெரிய பெரிய கழகங்களில் பணியாற்றியவர் என்றாலும் எந்த நாட்டிலும் முதற்பிரிவுப் பட்டத்தை வென்றவரல்லர். இரண்டாம் இடம் மட்டும் அவருக்குப் பலமுறை வாய்த்திருந்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான் கிரேக்க நாட்டு அணியின் பயிற்சியாளராக இருந்து, ஃபரோ தீவுகள் என்னும் மிகச் சிறிய நாட்டின் அணியிடம் சொந்த மண்ணில் தோற்று, அப்பதவியையும் இழந்திருந்தார். இவரைக் கொண்டுவந்ததைக் கண்டு, லெஸ்டர் நகரில் பிறந்த புகழ்பெற்ற ஆட்டக்காரர் கேரி லினெக்கரே வெளிப்படையாக வியப்புத் தெரிவித்தார். லெஸ்டர் பட்டம் வெல்லும் என்று ஒரு பவுன் பந்தயம் கட்டினால் ஐயாயிரம் பவுன் தருவதாகப் பந்தயக்காரர்கள் அறிவித்தார்கள். அத்துணை நம்பிக்கை அவர்களுக்கு!

புதிதாக வருபவர் பழையவற்றைக் களைந்துவிட்டுத் தம் முத்திரையைப் பதிக்க முனைவது உலக இயல்பு. ரனியேரி அவ்வாறு செய்யவில்லை. முன்னவரின் துணைப் பயிற்சியாளர்களான கிரெய்க் ஷேக்ஸ்பியரையும் ஸ்டீவ் வால்ஷையும் அப்படியே வைத்துக்கொண்டார். வந்தவுடன் ஆட்டக்காரர்களின் முகத்தைப் பார்த்தார். இத்தாலியப் பயிற்சியாளர் என்றால் ஆட்ட உத்திகளைச் சொல்லியே வாட்டிவிடுவாரோ என்ற அச்சம் அவர்களிடம் இருப்பதைக் கண்டார். ஆகவே, உத்திகளைப் பற்றிக் குறைவாகவே பேசுவேன் என்றும், உங்களை நம்புகிறேன் என்றும் அவர்களிடம் சொன்னார். வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு. மற்ற நாட்களில் முழுமூச்சான உழைப்பு. இதுவே அவர் செய்துகொண்ட உடன்படிக்கை.

இந்த இடத்தில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலாகத் தலைமையாசிரியர் பொறுப்பை ஏற்ற பள்ளியில், படிப்பில் பின்தங்கிய பத்தாம் வகுப்பு மாணவர்களை மாலை வேளையில் கைத்தொழில் ஆசிரியர் ஒருவர் பள்ளியிலேயே அமர்த்திப் படிக்க வைத்துவந்தார். எனக்கு முன்னிருந்தவர் செய்த ஏற்பாடு அது. கணக்கும் ஆங்கிலமும் கற்பிக்கக் கைத்தொழில் ஆசிரியருக்கு என்ன தகுதி என்று எண்ணி, பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே அதை நிறுத்திவிட்டேன். பட்டம் பெற்ற ஆசிரியர்களைக் கொண்டு காலை வேளையில் தனி வகுப்புகள் ஏற்படுத்தினேன். சில நாள் கழித்து ஒரு மாணவன் என் அறை வாயிலில் வந்து நின்று, “ஐயா, இனிமேல் சாயங்காலம் நாங்கள் எங்கே உட்கார்ந்து படிப்பது?” என்று கேட்டான். ஏதோ விடை சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் வீட்டில் விளக்கில்லை என்பதும், அந்த ஆசிரியர் கற்பித்தது கணக்கன்று, விளக்கும் இடமும் துணையும் தந்தார் என்பதும் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகே எனக்குத் தெரியவந்தன. அந்த ஆசிரியரிடம் சென்று மன்னிப்புக் கேட்டு, பழைய ஏற்பாட்டை மீண்டும் தொடங்கினேன். ஆனால், அதற்குள் மூன்று மாணவர்கள் படிப்பை விட்டுவிட்டிருந்தார்கள். அவர்களைத் திரும்ப அழைத்துவர என்னால் முடியவில்லை.

லெஸ்டர் கழகத்துக்கு மீள்வோம். ரனியேரி பெற்ற வகுப்பில் இருந்தவர்கள் யார்? ஜேமி வார்டி, உடல் வளர்ச்சி போதாதென்று பதினாறு வயதில் ஒரு கழகத்தால் அனுப்பப்பட்டவர். வாரத்துக்கு முப்பது பவுன் கூலிக்குச் சிறு கழகத்தில் ஆடிக்கொண்டே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ரியாத் மஹ்ரெஸ், பிரான்சின் இரண்டாம் பிரிவிலிருந்து சிறு தொகைக்கு வந்தவர். அந்தக் கோடையில்தான் பிரான்சிலிருந்து வந்து சேர்ந்தார் என்கோலோ காண்டே என்னும் குள்ளமான இளைஞர்; சலியாமல் ஓடி எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பதில் வல்லவர். இவர்களுக்கு நயமான, நுட்பமான ஆட்டத்தை அவர் புகட்ட முயலவில்லை. பந்தைத் தம் வசம் வைத்திருந்த நேரத்தைக் கணக்கிட்டால், அப்பருவத்தில் மிகக் குறைவாக வைத்திருந்த கழகங்களுள் லெஸ்டரும் ஒன்று. பின்னே நின்று காப்பது, பறித்த பந்தை நொடியில் முன்னே செலுத்துவது, வார்டி விரைந்தோடிச் சென்று அடிப்பது. இதுவே அவர்கள் அறிந்த கலை. அதையே செம்மையாகச் செய்யுமாறு விட்டார். ‘தெரிந்து வினையாடல்’ என வள்ளுவர் ஓர் அதிகாரத்தையே வகுத்தது வீணன்று.

எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டார் என்று எண்ணிவிடக் கூடாது. 2015 செப்டம்பர் 26ஆம் நாள் ஆர்சனல் கழகத்திடம் 2-5 என்று தோற்றபோது, பின்களத்தின் இரு ஓரங்களிலும் நின்றவர்களை மாற்றி, சிம்சனையும் ஃபுக்ஸையும் அமர்த்தினார். தேவை வந்தபோது, தேவையான இடத்தில் மட்டும் மாற்றம். அதனோடு ஓர் ஆசையையும் காட்டினார். ஓர் ஆட்டத்திலேனும் எதிரிக்கு கோல் விடாமல் காத்தால், எல்லோருக்கும் பீட்சா வாங்கித் தருவதாக வாக்களித்தார். முதல் ஒன்பது ஆட்டங்களில் 17 கோல்கள் விட்டவர்கள், பத்தாம் ஆட்டத்தில் கிறிஸ்டல் பேலஸ் கழகத்தை 1-0 என்று வென்றார்கள். பயிற்சியாளர் சொன்ன சொல்லைக் காத்தார். ஆனால், கடைக்கு அழைத்துச் சென்று, மாவைப் பிசைந்து பீட்சாவை நீங்களே செய்து உண்ணுங்கள் என்றார்! பரிசிலும் உழைப்பைக் கலந்த அந்த ஆசிரிய உள்ளத்தை எண்ணி எண்ணி மகிழ்கிறேன். எஞ்சிய 29 ஆட்டங்களில் அவர்கள் விட்ட கோல்கள் 19 மட்டுமே. பயிற்சியில் எவரேனும் கவனம் சிதறி நின்றால் ‘டில்லி டிங், டில்லி டாங்’ என்று மணியோசையை வாயால் எழுப்புவாராம். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளி மணியோடு வாழ்ந்தவனுக்கு அது எவ்வளவு இனிமையாக ஒலிக்கிறது!

நவம்பர் 28ஆம் நாள் வார்டி தொடர்ந்து பதினொன்றாவது லீக் ஆட்டத்திலும் கோல் அடித்துப் பழைய சாதனையை முறியடித்தார். ஊர் முழுவதும் பட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியது. ரனியேரியோ, நம் குறி 40 புள்ளி, கீழே இறங்காமல் இருப்பதே நம் இலக்கு என்றே சொல்லிவந்தார். பாதி வழியில் மாணவனின் தோளில் சுமையை ஏற்றாத பண்பு அது. பிப்ரவரி 14ஆம் நாள் ஆர்சனலிடம் கடைசி நொடிகளில் 1-2 என்று தோற்றார்கள். மனமுடைந்து நின்றவர்களை அவர் கடிந்துகொள்ளவில்லை. கூடுதல் பயிற்சியும் தரவில்லை. ஒரு வாரம் விடுமுறை தந்து வீட்டுக்கு அனுப்பினார். திரும்பி வந்தவர்கள், எஞ்சிய பன்னிரண்டு ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்கவில்லை. எட்டு வெற்றி, நான்கு சமநிலை. அவற்றுள் நான்கு ஆட்டங்கள் தொடர்ச்சியாக 1-0 என்றே முடிந்தன.

2016 மே 2ஆம் நாள், இரண்டாம் இடத்தில் இருந்த டாட்டன்ஹாம் கழகம் செல்சியோடு 2-2 என்று சமநிலையில் முடிக்கவே, லெஸ்டரின் பட்டம் உறுதியாயிற்று. அன்று பகலில் ரனியேரி இத்தாலிக்குச் சென்று, 96 வயதான தம் தாயோடு உணவருந்தித் திரும்பியிருந்தார். பருவத்தின் முடிவில் லெஸ்டர் பெற்ற புள்ளிகள் 81. மூன்றே மூன்று தோல்விகள். அடுத்து நின்ற ஆர்சனலைவிடப் பத்துப் புள்ளிகள் கூடுதல்.

கதை இங்கே முடிந்திருந்தால் நெஞ்சுக்கு நிறைவாக இருக்கும். ஆனால், உண்மை அப்படியன்று. அடுத்த பருவத்தில் காண்டே செல்சிக்குப் போய்விட்டார். மற்றவர்களின் வேகம் தளர்ந்தது. கழகம் மீண்டும் கீழிறங்கும் விளிம்புக்கு வந்தது. 2017 பிப்ரவரி 23ஆம் நாள், பட்டம் வென்று பத்து மாதம்கூட நிறையாத நிலையில், ரனியேரி நீக்கப்பட்டார். கழகத்தாரின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது; அதை நான் மறுக்கவில்லை. எனினும், காரணம் வேறு, நன்றி வேறு. இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்தல் தகாது.

அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் யார் தெரியுமா? அவர் வந்தபோது விலக்காமல் வைத்துக்கொண்ட அதே கிரெய்க் ஷேக்ஸ்பியர்தான். அவருடைய கையில் கழகம் முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்று, கீழிறங்காமல் தப்பியது. தாம் போன பிறகும் வகுப்பைக் காக்க ஒருவர் இருக்குமாறு செய்துவிட்டே அந்த முதிய ஆசான் விடைபெற்றார் என்று நான் கருதுகிறேன்.

ஆண்டுதோறும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் புதிதாகத் தலைமைப் பொறுப்பை ஏற்கிறார்கள். பள்ளியில் மட்டுமன்று, அலுவலகத்தில், ஆலையில், ஊர்ச் சங்கத்தில், மாமியார் கையிலிருந்து மருமகள் கைக்கு மாறும் அடுக்களையிலும்கூட. அவர்களுக்கெல்லாம் ஓய்வு பெற்ற இந்தத் தலைமையாசிரியன் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். முன்னவர் விட்டுச்சென்ற ஏற்பாடு ஒன்று உங்கள் கண்ணுக்குப் பொருளற்றதாகத் தோன்றினால், அதைக் கலைப்பதற்கு முன் சில நாள் கடைசிப் பலகையில் அமர்ந்து பாருங்கள். அது யாருக்கேனும் விளக்காக இருக்கலாம்.