டால்ஸ்டாய் சிலையும் ஒரு மாணவியின் கேள்வியும்

(ஸ்ரீரங்கத்தில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிப் பிள்ளைகளை டெல்லிக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். ஜன்பத் சாலையில் நடந்தபோது, டால்ஸ்டாய் மார்க் சந்திப்பில் தாடி வைத்த ஒரு பெரியவரின் சிலை. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நின்றுவிட்டாள். "டீச்சர், இந்தத் தாத்தா யாரு? இவருக்கு ஏன் நம்ம ஊர்ல சிலை?"

"ரஷ்யத் தலைவர்மா, வரிசையில வா" என்றேன். லியோ டால்ஸ்டாய் தலைவர் அல்லர்; 'போரும் அமைதியும்', 'அன்னா கரேனினா' எழுதிய நாவலாசிரியர். பெயர் தெரிந்திருந்தும், அவருக்கும் நமக்கும் என்ன உறவு என்பது எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அதுதான் உண்மை.

ஊர் திரும்பிய பிறகு தேடிப் படித்தேன். டால்ஸ்டாய் நம் இனம்! 1859-இல் தம் சொந்த ஊரான யாஸ்னயா போல்யானாவில் குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். அங்கே அடி கிடையாது. 1872-இல் குழந்தைகளுக்கென்று அரிச்சுவடியும் எழுதினார்.

தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தியடிகள் அவர் நூலைப் படித்து மனம் மாறினார். இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1910-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே சத்தியாகிரகிகளின் குடும்பங்களுக்காக அமைந்த குடியிருப்புக்கு 'டால்ஸ்டாய் பண்ணை' என்றே பெயர். நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலம் அது. அங்கே தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் கற்பித்தவர் யார் தெரியுமா? காந்தியடிகள்தான்.

அவருக்குத் தெரிந்த தமிழ், கப்பலிலும் சிறையிலும் ஜி.யு. போப்பின் கையேட்டை வைத்துக் கற்ற அளவுதான். பேச்சுத் தமிழில் பிள்ளைகளே அவரைவிடக் கெட்டி. காலையெல்லாம் பண்ணை வேலை. மதிய வகுப்பில் தூக்கம் வந்தால் கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொள்வார்களாம். ஐந்தாவது பாடவேளை எடுக்கும் நமக்கு அது புரியும்! ஆனாலும் வகுப்பு நன்றாக நடந்தது. காரணத்தை அவரே எழுதியிருக்கிறார்: தம் அறியாமையைப் பிள்ளைகளிடம் அவர் ஒருபோதும் மறைக்கவில்லை.

அதைப் படித்ததும் அந்த மாணவியின் முகம் நினைவுக்கு வந்தது. மறுநாள் வகுப்பில், "அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா. எனக்கு அப்போ தெரியல" என்றேன். வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாக இருந்தது. பிறகு கேள்விகள் வரத் தொடங்கின. அதுவரை வாயே திறக்காத பிள்ளைகளும் கேட்டார்கள்.

ஒரு மாணவன், "அப்போ டால்ஸ்டாய்க்கும் திருச்சிக்கும் சம்பந்தம் இருக்கா டீச்சர்?" என்றான். இருக்கிறது. டால்ஸ்டாய் பண்ணையில் பழகிய அறப்போர் முறைதான் 1930-இல் தண்டிக்குப் போனது. அதே ஆண்டு ஏப்ரல் 13-இல், ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டது நம் திருச்சியிலிருந்து, டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து. அந்த ராஜன் இந்த ஸ்ரீரங்கத்துக்காரர். காவிரிப் பாலத்தைத் தினமும் கடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்துப் பாடம் ஏது?

இப்போது ஆண்டுக்கு ஒரு முறை ஒரு பணி தருகிறேன். பள்ளிக்கு வரும் வழியில் உள்ள சிலை, கல்வெட்டு, தெருப்பெயர் எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, யார், ஏன் இங்கே என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு பக்கம் எழுத வேண்டும். மதிப்பெண் கிடையாது. எனக்குத் தெரியாததைக் கொண்டு வந்தால் அதைக் கரும்பலகையில் அவர்களே எழுதலாம். பலகை பெரும்பாலும் நிரம்பிவிடுகிறது.

நண்பர்களே, "தெரியாது, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்வதால் ஆசிரியரின் மதிப்பு குறைவதில்லை. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு சிலையும், அதன் முன் நின்றுவிட்ட ஒரு சிறுமியும்.