பிடி யார் கையில்?

மாரடைப்பு என்றதும் நம்மில் பலருக்கு ஒரு குறிப்பிட்ட ஆள்தான் நினைவுக்கு வருவார். பெரிய பதவி, பெரிய பொறுப்பு, ஓயாத தொலைபேசி அழைப்புகள், நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. முடிவெடுத்து முடிவெடுத்தே இதயம் களைத்துப்போன ஓர் அதிகாரி. 1960களில் பிரிட்டனிலும் பரவலாக இருந்த எண்ணம் இதுதான். அந்த எண்ணத்தை எண்களால் உரசிப் பார்க்கும் வாய்ப்பு 1967இல் லண்டனில் அமைந்தது. பிரிட்டிஷ் அரசின் தலைமை அலுவலகங்கள் இருக்கும் பகுதி ஒயிட்ஹால். அங்கே பணிபுரிந்த பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் ஊழியர்களின் உடல்நிலையைப் பதிவுசெய்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அந்தத் தரவுகளை ஆராய்ந்து உலகறியச் செய்தவர்களில் முதன்மையானவர் மைக்கேல் மார்மட் என்ற மருத்துவ ஆய்வாளர். கிடைத்த முடிவு எதிர்பார்த்ததற்கு நேர் எதிராக இருந்தது. உச்சியில் இருந்த அதிகாரிகளைவிட, அடித்தட்டில் கோப்பு சுமந்தவர்களும் வாயில் காத்தவர்களும் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இறந்துகொண்டிருந்தார்கள். அதைவிட வியப்பானது, இது படிப்படியாக அமைந்திருந்தது. உச்சிக்கு ஒரு படி கீழே இருந்தவர், நல்ல சம்பளமும் நல்ல வீடும் உள்ளவர், அவருக்கும் உச்சியில் இருந்தவரைவிட ஆபத்து கூடுதல்.

இவர்களில் யாரும் பட்டினி கிடந்தவர்கள் இல்லை. 1948 முதல் பிரிட்டனில் எல்லோருக்கும் இலவச மருத்துவம் உண்டு. எல்லோருக்கும் நிரந்தர அரசு வேலை, மாதம் பிறந்தால் சம்பளம், ஓய்வூதியம். அப்படியானால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? கீழே இருந்தவர்கள் அதிகம் புகைத்தார்கள் என்று உடனே சொல்லத் தோன்றும். அது உண்மைதான், அதற்கு ஒரு பங்கும் உண்டு. ஆனால் புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், கொழுப்பு, உடல்பருமன் ஆகிய எல்லாவற்றையும் கணக்கில் கழித்துவிட்டுப் பார்த்தபோதும், அடித்தட்டில் இருந்தவர் இதய, இரத்தநாள நோயால் இறக்கும் ஆபத்து உச்சியில் இருந்தவரைப்போல் இரண்டு மடங்காகவே நின்றது. புகைக்காத கடைநிலை ஊழியரும் புகைக்காத மேலதிகாரியும் ஒரே ஆபத்தில் இல்லை.

விடையின் ஒரு முனை ஒயிட்ஹாலின் இரண்டாவது ஆய்வில் கிடைத்தது. 1985இல் தொடங்கிய அந்த ஆய்வில் பெண்களையும் சேர்த்து 10,308 ஊழியர்கள். இம்முறை வேலை எவ்வளவு என்று மட்டும் கேட்கவில்லை. அந்த வேலையை எப்போது, எப்படி, எந்த வேகத்தில் செய்வது என்று தீர்மானிப்பதில் உங்களுக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்றும் கேட்டார்கள். 1997இல் வெளிவந்த முடிவுகளில், தன் வேலைமீது பிடி குறைந்தவர்களுக்குப் பின்னாளில் இதயநோய் வருவது கூடுதலாக இருந்தது. பதவிப் படிகளுக்கிடையே இருந்த வேறுபாட்டில் பெரும்பங்கை இந்த ஒரு காரணமே விளக்கியது. நான் இன்று சொல்ல வருவதும் இதுதான். உடலைச் சிதைப்பது வேலையின் பளு மட்டும் அல்ல, நாம் வாய்விட்டுச் சொல்லும் ‘டென்ஷன்’கூட அல்ல. முடிவு எங்கோ எடுக்கப்பட, விளைவை மட்டும் நாம் சுமந்து, அதற்கு ஒரு முடிவே தெரியாத நிலை நீண்டுகொண்டே போவதுதான் சிதைக்கிறது.

இதை உடலுக்குள் போய்ப் பார்ப்போம். ஆபத்து என்று மூளை கணித்ததும் நரம்பு வழியாக ஓர் ஆணை பறக்கிறது. சிறுநீரகங்களின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, செரிமானம் ஒத்திவைக்கப்படுகிறது. சற்றுத் தாமதமாக, ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரி சுரப்பியும் கைகோத்து இன்னோர் ஆணை பிறப்பிக்க, அதே அட்ரினல் சுரப்பியிலிருந்து கார்ட்டிசால் வருகிறது. கல்லீரல் சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது, அழற்சி அடக்கப்படுகிறது, உடலின் சேமிப்பு முழுவதும் தசைக்கும் மூளைக்கும் திருப்பிவிடப்படுகிறது. ஓடித் தப்புவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. இந்த ஏற்பாடு நம் பகைவன் அல்ல. இது இல்லாதவர் சிறு காய்ச்சலையே தாங்கமாட்டார். சிக்கல் அது இறங்காமல் நிற்கும்போது. ஒரு மணி நேரம் ஓடவேண்டிய மோட்டாரை இரவு பகலாக ஓடவிட்டால், கெடுவது அதன் வேகத்தால் அல்ல, ஓய்வின்மையால். அழுத்தம் இறங்காத இரத்தக் குழாயின் உட்சுவர் சேதமாகிறது. தேவையின்றி ஏறி நிற்கும் சர்க்கரை, இன்சுலினுக்கு உடல் காட்டும் மதிப்பைக் குறைக்கிறது. கார்ட்டிசாலின் குரலுக்குப் பழகிப்போன நோயெதிர்ப்புச் செல்கள் அதன் கட்டளையைக் கேட்பதை நிறுத்த, அடங்கவேண்டிய அழற்சி மெல்லப் புகைகிறது. புரூஸ் மெக்கியூவன் என்ற அமெரிக்க அறிவியலாளர் 1990களில் வகுத்துக் காட்டியது இதைத்தான்: தகவமைத்துக்கொள்ளும் அமைப்பே, ஓயாமல் வேலை செய்வதால், உடலுக்குத் தேய்மானமாகிறது.

ஒயிட்ஹால் ஊழியர்களிடமே இதற்கு ஒரு தடயம் உண்டு. அலுவலக நேரத்தில் அளந்தபோது மேலதிகாரிக்கும் கடைநிலை ஊழியருக்கும் இரத்த அழுத்தத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டுக்குப் போன பிறகு அளந்தார்கள். மேலதிகாரிகளுக்கு நன்றாக இறங்கியிருந்தது. கீழே இருந்தவர்களுக்கு அந்த அளவுக்கு இறங்கவில்லை. பொறுப்பும் பரபரப்பும் இருவருக்கும் உண்டு. ஒருவருடைய உடல் அதை அலுவலகத்தில் விட்டுவிட்டு வருகிறது, மற்றவருடைய உடல் வீட்டுக்கும் எடுத்து வருகிறது. வேலை நெருக்கடி திரும்பத் திரும்பப் பதிவானவர்களுக்கு, வயிற்றுச் சதையும் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் கொழுப்புக் கோளாறும் சேர்ந்து வரும் நிலை, மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் வந்ததாக அந்த இரண்டாவது ஆய்வு 2006இல் சொன்னது.

கால அளவு எவ்வளவு முக்கியம் என்பதைச் சளிக்காய்ச்சல் தெளிவாகக் காட்டியது. ஷெல்டன் கோஹன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும், தாமாக முன்வந்த நலமான மனிதர்களின் மூக்கில் சளி வைரஸ் கலந்த சொட்டுகளை விட்டு, தனிமையில் வைத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் வைரஸ் போய்ச் சேர்ந்தது. எல்லோருக்கும் சளி பிடிக்கவில்லை. 1991இல் வெளிவந்த முடிவின்படி, நெருக்கடி குறைந்தவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நெருக்கடி மிகுந்தவர்களில் 47 விழுக்காட்டினருக்கும் சளி பிடித்தது. 1998இல் இன்னும் நுணுக்கமாகக் கேட்டபோது, ஒரு மாதத்துக்குள் முடிந்துபோன நெருக்கடிகள் எதையும் கூட்டவில்லை. மாதக்கணக்கில் நீண்டவைதான் கூட்டின. அவற்றில் முதன்மையானவை வேலையின்மையும் தீராத உறவுச் சிக்கல்களும். காயங்களும் இதையே காட்டின. 1995இல் அமெரிக்காவின் ஒஹையோவில், மறதிநோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் 13 பேருக்கும், அந்தச் சுமை இல்லாத, அதே வயதுப் பெண்கள் 13 பேருக்கும் கையில் ஒரே அளவில் சிறு காயம் ஏற்படுத்தி, ஆறும் நாள்களை எண்ணினார்கள். பராமரிப்பவர்களின் காயம் ஆற 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. மிகச் சிறிய ஆய்வுதான். ஆனால் வீட்டில் படுத்திருப்பவரை ஆண்டுக்கணக்கில் தாங்கும் ஒவ்வொருவருக்காகவும் அது பேசுகிறது.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு, அவை வலுவானவை. முதல் மறுப்பு குடற்புண். 1936இல் மான்ட்ரியாலில் ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் எலிகளைக் குளிருக்கும் காயத்துக்கும் நஞ்சுக்கும் உட்படுத்தி, எந்தத் துன்பம் கொடுத்தாலும் அட்ரினல் சுரப்பி பெருத்து, தைமஸ் சுரப்பி சுருங்கி, இரைப்பையில் புண் வருவதைக் கண்டார். அதிலிருந்து பல பத்தாண்டுகள் குடற்புண் என்றாலே கவலைதான் காரணம் என்று மருத்துவர்கள் சொல்லிவந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அதற்குக் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா என்று நிறுவி, 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். மன அழுத்தத்தின் மேல் பழி போட்டது எவ்வளவு பெரிய பிழை, எத்தனை பேருக்குச் சிகிச்சை தாமதமானது என்பதை மறுக்க முடியாது. என்றாலும் கதை அங்கே முடியவில்லை. அந்த பாக்டீரியாவைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்குப் புண் வருவதே இல்லை. டென்மார்க்கில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2015இல் வெளிவந்த ஆய்வில், பாக்டீரியா இருந்தாலும் இல்லாவிட்டாலும், நெருக்கடி மிகுந்தவர்களுக்குப் புண் வருவது கூடுதலாகவே இருந்தது. கிருமியா கவலையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டிய கட்டாயம் உடலுக்கு இல்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. பிரிட்டனில் ஏழு லட்சம் பெண்களை ஆராய்ந்து 2015இல் வெளியான முடிவு, மகிழ்ச்சியின்மையும் மன அழுத்த உணர்வும் தம்மளவில் ஆயுளைக் குறைப்பதில்லை என்றது. நோயுற்றவர்கள் வருந்துகிறார்கள், வருத்தம் அவர்களை நோயாளியாக்கவில்லை. ஸ்காட்லாந்தில் ஆண்களிடம் நடந்த ஓர் ஆய்விலும், அதிக நெருக்கடியை உணர்கிறோம் என்று சொன்னவர்கள் நெஞ்சுவலி இருப்பதாக அதிகம் சொன்னார்கள். ஆனால் இதயமின் வரைபடத்தில் அதற்கு ஏற்ற கோளாறு தெரியவில்லை. அதோடு, நெருக்கடி என்று சொன்னவர்களில் வசதியானவர்களே அதிகம். இந்த ஆய்வுகள் என் வாதத்தை உடைப்பதாக நான் கருதவில்லை, கூர்மையாக்குகின்றன. உங்களுக்கு டென்ஷனாக இருக்கிறதா என்று கேட்டால் கிடைப்பது உணர்வின் கணக்கு. மேலதிகாரி தாராளமாக ஆம் என்பார். வாசலில் நிற்பவர், பழகிப்போய், ஒன்றுமில்லை என்பார். உடலின் கணக்கை அறிய, உங்கள் வேலைநேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள், அடுத்த மாதம் இந்த வேலை இருக்குமா, முறையிட ஓர் இடம் உண்டா என்று கேட்கவேண்டும்.

மூன்றாவது, அளவைப் பற்றியது. ஐரோப்பிய ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்து, இரண்டு லட்சம் பேர் அளவில் 2012இல் கணக்கிட்டபோது, பளு மிகுந்து பிடி குறைந்த வேலை இதயநோய் ஆபத்தை ஏறத்தாழ 23 விழுக்காடு கூட்டியது. புகைப்பதற்கு முன்னால் இது சிறியது. அதே ஆய்வாளர் குழு அடுத்த ஆண்டு பார்த்தபோது, வேலை நெருக்கடிக்கும் பரவலான புற்றுநோய்களுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆகவே கவலைப்பட்டுத்தான் புற்றுநோய் வந்தது என்று ஒரு நோயாளியிடம் யாரும் சொல்லவேண்டாம். அது ஆதாரமற்றது, இரக்கமற்றதும்கூட. புகைப்பழக்கத்தை விடுவதும் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுவதும் முதல் வேலை. ஆனால் வேலைக்குப் போகும் மக்கள் கோடிக்கணக்கில் இருக்கும்போது 23 விழுக்காடு என்பது அற்பம் அல்ல. 2004இல் 52 நாடுகளில், இந்தியாவும் இலங்கையும் உட்பட, முதல் மாரடைப்பு வந்தவர்களை ஆராய்ந்த பெரிய ஆய்வும் மன நெருக்கடியைச் சர்க்கரை, கொதிப்பு ஆகியவற்றின் வரிசையிலேயே வைத்தது. அந்தத் தரவுகளின்படி தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டினரைவிட ஐந்தாறு ஆண்டு முன்னதாக.

இத்தனைக்கும் பிறகு நாம் சொல்லும் பரிகாரம் என்ன? மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், மனத்தை லேசாக வைத்துக்கொள்ளுங்கள். இவற்றைத் தாழ்த்திச் சொல்லமாட்டேன். தூக்கமும் நடையும் தியானமும் பலருக்குத் துணைநிற்கின்றன. ஆனால் குற்றத்தைத் தொழிலாளியின் மனத்தில் வைத்துவிட்டு, வேலையின் அமைப்பைத் தொடாமல் விட்டுவிடும் பரிகாரத்தை ஏற்க முடியவில்லை. இப்படித் திசைதிருப்புவது புதிதும் அல்ல. செல்யேவுக்கே சிகரெட் நிறுவனங்கள் பணம் கொடுத்தன என்பதை அந்தத் தொழிலின் உள் ஆவணங்கள் பின்னாளில் வெளிக்காட்டின. நோய்க்குக் காரணம் புகையிலை அல்ல, மனிதரின் மனநெருக்கடிதான் என்ற பேச்சு அவர்களுக்கு உதவியது. பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46 ஆயிரம் ஊழியர்களை ஆராய்ந்து 2024இல் வெளிவந்த கட்டுரையில், மீள்திறன் பயிற்சி, மனநலச் செயலி போன்றவற்றில் பங்கேற்றவர்கள், பங்கேற்காதவர்களைவிட எந்த வகையிலும் நன்றாக இருப்பதாகத் தெரியவில்லை.

வேலையையே மாற்றுவது முடியாத காரியமா? ஜவுளிக் கடைகளில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்த பெண்கள் உட்பட கடை ஊழியர்கள் அனைவருக்கும் உட்கார இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டம் செய்தன. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காரலாமா என்பது மேலாளரின் மனநிலையைப் பொறுத்தது என்ற நிலையை அந்தச் சட்டம் எழுத்தளவிலாவது மாற்றியது. 2024 முதல் தமிழ்நாட்டில் தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தின் கீழ் செவிலியர்கள் தொழிற்சாலைகளுக்கே போய்க் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நல்ல காரியம். அதே மேசையில் இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டுப் பதிவுசெய்யலாம்: உங்கள் ஷிப்ட் எப்போது மாறும் என்பது எத்தனை நாள் முன்னதாகத் தெரியும்? கழிவறைக்குப் போக யாரிடம் அனுமதி கேட்கவேண்டும்? கூடுதல் நேர வேலையை மறுத்தால் என்ன ஆகும்? பெயர் இல்லாமல், தொழிற்சாலைவாரியாக, அந்தப் பதில்களைக் கொதிப்புக் கணக்கின் பக்கத்திலேயே வைத்து வெளியிட்டால், ஒயிட்ஹாலில் பத்தாண்டுகள் காத்திருந்து அறிந்ததை நம் ஊரில் ஓரிரு ஆண்டுகளிலேயே பார்க்கத் தொடங்கலாம். எந்தத் தொழிற்சாலைக்கு மருத்துவரை அனுப்புவது, எந்தத் தொழிற்சாலைக்குத் தொழிலாளர் துறை ஆய்வாளரை அனுப்புவது என்பதும் அப்போது தெரியவரும்.